பக்கத்துப் பொருள்

ஐந்து இருபது வண்டியில் ஏறினால்
பொறையாறில் விடியும்.
காரைக்கால் ஞாயிற்றுச் சந்தையில்
பழஞ்சாமான் வரிசைக்கு
வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும்.
ஏறியபின் எல்லாப் பீங்கானும் ஒன்றுபோல மினுக்கும்.

எனக்குத் தொழில் பல் கட்டுவது.
மயிலாடுதுறையில் மூன்று டாக்டர்களுக்கு
பீங்கான் தொப்பி செய்து தருகிறேன்.
முன்பல் நுனியில் எவ்வளவு நீலம்,
ஈறோரம் எவ்வளவு மஞ்சள் என்று
ஆறு நாள் பார்க்கிற கண்.
ஏழாம் நாள் அதே கண்ணோடு
கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்க்கிறேன்
கிண்ணங்களை, குவளைகளை,
மூடி தொலைந்த தேநீர்க் கெண்டியை.

அடியில்தான் இருக்கும் எல்லாம்.
சக்கரத்திலிருந்து நூலால் அறுத்த சுழி.
மெருகு போதும் என்று நின்ற கோடு.
பிடித்து முக்கியவரின்
மூன்று விரல் வழுக்கை.
அதிர்ஷ்டம் இருந்தால்
ஒரு இறால்.

நகக்கண் அளவு. சுருண்டு, ஐந்து கால்.
யார் முத்திரை என்று தெரியாது.
பாண்டிச்சேரிப் பக்கம் எங்கோ சூளை போட்டு
எழுபதுகளின் கடைசியில் விட்டுவிட்டவர் என்பது
நானாகக் கட்டிய கதை.
ஆளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிகூட மாட்டிவிட்டேன்.
பதினோரு வருடத்தில் ஏழு சாமான்.

வாங்க ஒரு வித்தை உண்டு.
வேண்டியதைத் தொடவே கூடாது.
பக்கத்தில் இருப்பதை எடுத்து
துரு சுரண்டி, உதடு பிதுக்கி,
செய்யது மதாரிடம் அரைமணி மல்லாடி
முந்நூற்றைம்பதுக்கு முடித்து
எழுந்து முழங்கால் தட்டும்போது
ஏதோ நினைவு வந்தாற்போல,
“சரி, இந்தக் கிண்ணத்தையும் போடுங்க பாய்,
திருநீறு வைக்க ஆகும்.”

இப்படி வீட்டுக்கு வந்தவை:
கரி இஸ்திரிப் பெட்டி இரண்டு,
மீன் தராசின் ஒரே ஒரு தட்டு,
பிரெஞ்சில் எதையோ எச்சரிக்கும் எனாமல் பலகை,
யாருடையதோ சலூன் நாற்காலி.
“இறால் ஏழு, திமிங்கலம் முப்பது”
என்கிறாள் வசுமதி,
நாற்காலியில் சாய்ந்து முருங்கைக்கீரை உருவியபடி.

போன வாரம் ஐப்பசி மழை.
தூக்கம் வராமல் அதற்கும் முந்தைய வண்டி.
சந்தையில் தார்ப்பாய்தான் அதிகம், ஆள் இல்லை.
செய்யது மதார் எனக்கு முதுகு காட்டி
கடை பரப்பிக்கொண்டிருந்தார்.
செய்தித்தாளைப் பிரித்து ஒரு கிண்ணம் எடுத்தார்.
சாம்பலில் பச்சை கலந்த,
குளத்துப் பாசி தெளிந்த மறுநாள் நிறம்.
கவிழ்த்தார்.
கட்டைவிரலால் அடியைத் துடைத்தார்.
பிறகு அதைக் கொண்டுபோய்
தையல் மிஷினின் இரும்புக் கால் பக்கத்தில் வைத்தார்.
தள்ளி நின்று பார்த்து,
ஒரு சாண் நெருக்கி வைத்தார்.

நான் அப்படியே திரும்பி
பாலத்தில் போய் நின்றேன்.
அரசலாறு கலங்கிப் போய்க்கொண்டிருந்தது.
பனியனோடு இரண்டு பையன்கள்
பாலித்தீன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து
முள்ளில் கோத்துக்கொண்டிருந்தார்கள்.
என்ன என்று கேட்கவில்லை. தெரிந்தது.
இரண்டு டீ குடித்தேன்.

வழக்கமான நேரத்துக்குப் போய்க் குந்தி,
“இந்த மிஷின் கால் என்ன விலை?”

அவர் ஆயிரத்தைந்நூறு என்றார்.
நான் சிரித்தேன். அவர் தாயாராணை என்றார்.
பெடல் ஆடுகிறது என்றேன்,
ஆடாவிட்டால் அது எதற்குப் பெடல் என்றார்.
இவ்வளவு நன்றாக நாங்கள் பேரம் பேசியதே இல்லை.
ஒன்பது நூறில் வந்து நின்றது.
நான் எழுந்து முழங்கால் தட்டுமுன்
செய்தித்தாளில் சுற்றி நீட்டினார்:
“திருநீறுக்கு.”

பேருந்தில் இரும்புக்கு இரண்டு டிக்கெட் போட்டான் கண்டக்டர்.
மடியில் இருந்ததைக் கேட்கவில்லை.
தரங்கம்பாடி தாண்டும்வரை பொறுத்து
தாளைப் பிரித்துக் கவிழ்த்தேன்.

ஆறு கால்.